டைட்டானியம் டை ஆக்சைடு: எந்த வேதிப்பொருள் எந்தப் படிகத்தைத் தரும்? ஆய்வகத்துக்கான முழு வழிகாட்டி

கேரளக் கடற்கரை மணலில் கிடைக்கும் இல்மனைட் என்ற டைட்டானியத் தாதுவை வைத்து அந்த மாநிலத்தின் இரண்டு பொதுத்துறை ஆலைகள் டைட்டானியம் டை ஆக்சைடு என்ற வெள்ளை நிறமியைத் தயாரிக்கின்றன. திருவனந்தபுரத்தில் உள்ள டிராவன்கூர் டைட்டானியம் புராடக்ட்ஸ் தாதுவைக் கந்தக அமிலத்தில் கரைக்கும் சல்பேட் முறையைப் பின்பற்றுகிறது. அங்கே முக்கியமாகக் கிடைப்பது அனடேஸ் என்ற படிக வகை. கொல்லம் மாவட்டம் சவராவில் உள்ள கேரளா மினரல்ஸ் அண்ட் மெட்டல்ஸ், குளோரின் கொண்டு டைட்டானியம் டெட்ராகுளோரைடாக மாற்றி ஆக்சிஜனில் எரிக்கிறது. அங்கே கிடைப்பது ரூட்டைல் என்ற இன்னொரு படிக வகை. தாது ஒன்று, கடைசியில் வரும் வாய்பாடும் ஒன்று. நடுவில் வந்த வேதிப்பொருள்தான் படிகத்தை மாற்றிவிடுகிறது. சல்பேட் முறையிலும் ரூட்டைல் எடுக்க முடியும். ஆனால் அதற்கென்று ரூட்டைல் விதைப் படிகங்களைத் தனியாகத் தயாரித்துப் போட வேண்டும். அந்த அளவுக்கு சல்பேட் அனடேஸ் பக்கம் இழுக்கிறது.

ஆய்வகத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் பலர், படிக அமைப்பை உலையின் வெப்பநிலைதான் தீர்மானிக்கிறது என்று நினைத்து 400, 500, 600 என்று சூட்டை மட்டும் மாற்றிக்கொண்டிருப்பார்கள். சூடு முக்கியம்தான். ஆனால் பாதிக்கு மேல் முடிவாவது பீக்கரில். எந்த அமிலம், எந்த ஈனி (டைட்டானியத்தோடு ஒட்டிக்கொள்ளும் மூலக்கூறு அல்லது அயனி), எவ்வளவு தண்ணீர் என்பதை முதலில் சரியாகத் தேர்ந்தால், உலையே இல்லாமல்கூட ரூட்டைல் எடுக்கலாம். அந்தத் தேர்வை எப்படிச் செய்வது என்று படிப்படியாகப் பார்ப்போம்.

படி 1: எது வேண்டும் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

அனடேஸ், ரூட்டைல், புரூக்கைட் மூன்றிலும் ஒரு டைட்டானியத்தைச் சுற்றி ஆறு ஆக்சிஜன் உள்ள எண்முகிதான் அடிப்படை. செங்கல் ஒன்றே, அடுக்கும் விதம்தான் வேறு. ரூட்டைலில் ஒவ்வொரு எண்முகியும் இரண்டு விளிம்புகளைப் பக்கத்து எண்முகிகளோடு பகிர்கிறது. புரூக்கைட்டில் மூன்று, அனடேஸில் நான்கு. ரூட்டைலில் எதிரெதிர் விளிம்புகள் வழியாகச் சங்கிலி நேராக ஓடும். அனடேஸில் வளைந்து வளைந்து போகும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் அமிலங்களைப் பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

பெரிய படிகமாக இருந்தால் ரூட்டைல்தான் நிலையானது. துகள் மிகச் சிறியதாக, ஏறத்தாழ 14 நானோமீட்டருக்குக் கீழே இருந்தால், புறப்பரப்பு ஆற்றல் குறைவாக இருப்பதால் அனடேஸ் முந்திக்கொள்ளும். அதனால்தான் பெரும்பாலான ஈரமுறைத் தயாரிப்புகளில் முதலில் தலைகாட்டுவது அனடேஸ். துகளைச் சிறிதாக வைத்திருக்கும் எந்த வேதிப்பொருளும் மறைமுகமாக அனடேஸுக்குத் துணை போகிறது என்று இதிலிருந்து தெரிந்துகொள்ளலாம்.

ஒளிவினையூக்கி வேண்டுமென்றால் பொதுவாக அனடேஸ், அல்லது பி25 என்ற விற்பனைத் தூள் போல ஏறத்தாழ 80-க்கு 20 என்ற அளவில் அனடேஸும் ரூட்டைலும் கலந்த தூள். நிறமிக்கு ரூட்டைல். ஆற்றல் இடைவெளி, அதாவது ஒளியை உறிஞ்சும்போது எலக்ட்ரான் தாண்ட வேண்டிய ஆற்றல், அனடேஸுக்கு 3.2 எலக்ட்ரான் வோல்ட், ரூட்டைலுக்கு 3.0.

படி 2: டைட்டானியம் எதிலிருந்து வரப்போகிறது?

டைட்டானியம் ஐசோப்ரொபாக்சைடு, அதாவது எல்லோரும் டிடிஐபி என்று சொல்வது, ஆய்வகத்தில் அதிகம் புழங்குகிறது. ஈரக்காற்று பட்டாலே நீராற்பகுப்பு தொடங்கிவிடும். சென்னை போன்ற ஊரில் மழைக்காலத்தில் பாட்டிலைத் திறந்து வைத்துவிட்டுப் பேசிக்கொண்டிருந்தால், மூடியின் மரை முழுக்க வெள்ளையாகப் பொருக்குத் தட்டிவிடும். அப்புறம் அந்த பாட்டிலில் இருந்து எடுக்கும் ஒவ்வொரு மில்லிலிட்டரிலும் டைட்டானியத்தின் அளவு வேறாக இருக்கும். உலர்ந்த சிரிஞ்சால் எடுங்கள், நைட்ரஜன் இருந்தால் அதன் கீழ் எடுங்கள். சுமார் 15 டிகிரியில் உறைந்துவிடும் என்பதால் குளிர்பதனப் பெட்டியில் வைத்திருந்தால் எடுப்பதற்கு முன் அறை வெப்பநிலைக்குக் கொண்டுவர வேண்டும்.

டைட்டானியம் பியூட்டாக்சைடின் கிளைகள் நீளம், அதனால் நீராற்பகுப்பு கொஞ்சம் மெதுவாக நடக்கும். கரைப்பானையும் இதோடு சேர்த்து யோசியுங்கள். டிடிஐபியை எத்தனாலில் கலந்தால், கரைப்பானின் எத்தாக்சி தொகுதி ஐசோப்ரொபாக்சி இருந்த இடத்தில் ஏறிக்கொள்ளும், வினையின் வேகமும் மாறும். "ஆல்கஹால்தானே, எது இருந்தால் என்ன" என்று மாற்றக் கூடாது. ஒப்பிட வேண்டுமென்றால் டிடிஐபிக்கு ஐசோப்ரொபனால் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

டைட்டானியம் டெட்ராகுளோரைடு மலிவு, ஆனால் காற்றில் பட்டதும் ஹைட்ரஜன் குளோரைடு புகை கிளப்பும். ஃபியூம் ஹூடுக்குள், பனிக்கட்டியில் குளிர வைத்த தண்ணீரில் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். தண்ணீரை அதன் மேல் ஊற்றவே கூடாது. கரைசல் தானாகவே கடும் அமிலமாகிவிடும் என்பதால், இதை எடுத்த அன்றைக்கே நீங்கள் ரூட்டைல் பக்கம் ஒரு காலை வைத்துவிட்டீர்கள். டைட்டானில் சல்பேட் இதற்கு நேர் எதிர், அது அனடேஸ் பக்கம்.

படி 3: ஒப்பீட்டுக்கு ஓர் அடிப்படைத் தூள்

எதையும் மாற்றுவதற்கு முன், எதுவும் சேர்க்காத தூள் ஒன்று கையில் இருக்க வேண்டும். 25 மில்லிலிட்டர் ஐசோப்ரொபனாலில் 5 மில்லிலிட்டர் டிடிஐபி. அடர்த்தி 0.96, மூலக்கூறு எடை 284.2 என்பதால் இது ஏறத்தாழ 17 மில்லிமோல். காந்தக் கலக்கி ஓடிக்கொண்டிருக்கும்போதே 15 மில்லிலிட்டர் தண்ணீர் விடுங்கள். ஒரு மோல் டைட்டானியத்துக்கு 50 மோல் தண்ணீர் என்ற கணக்கு. விட்ட கணமே கெட்டியாக வெள்ளை வீழ்படிவு இறங்கும், சில சமயம் கலக்கும் காந்தமே சிக்கி நின்றுவிடும். வடிகட்டிக் கழுவி, 80 டிகிரியில் உலர்த்தி, 450 டிகிரியில் இரண்டு மணி நேரம் சுட்டால் அனடேஸ் கிடைக்கும். முழு விளைச்சல் கணக்குப்படி 1.35 கிராம்.

சுடுவதற்கு முன்பும் கொஞ்சம் தூளை எடுத்து எக்ஸ்ஆர்டிக்கு, அதாவது எக்ஸ்-கதிரைச் செலுத்திப் படிக அமைப்பை அறியும் சோதனைக்குக் கொடுங்கள். கூரான பீக் எதுவும் இல்லாமல் அகன்ற மேடுதான் தெரியும். படிக வடிவமற்ற தூள் என்று அர்த்தம். பின்னால் அமிலம் சேர்த்த தூள்களோடு ஒப்பிட இது இல்லாமல் முடியாது.

படி 4: வேகத்தைக் கட்டுப்படுத்துங்கள்

முதலில் தண்ணீரை மட்டும் மாற்றுங்கள். 15 மில்லிலிட்டருக்குப் பதில் 1.2 மில்லிலிட்டர், அதாவது 1-க்கு 4, அதையும் ஐசோப்ரொபனாலில் கலந்து சொட்டாக. தண்ணீர் குறைவாக இருக்கும்போது ஆல்காக்சி தொகுதிகள் (ஐசோப்ரொபாக்சி போன்றவை) ஓரளவு அப்படியே நிற்கும், குறுக்க வினை, அதாவது டைட்டானியங்கள் ஆக்சிஜன் வழியாக ஒன்றோடொன்று இணைவது, மெல்ல நடக்கும், வீழ்படிவுக்குப் பதில் ஜெல் பக்கம் போகும். தண்ணீர் அதிகமானால் ஒரே நேரத்தில் ஏராளமான கருக்கள் தோன்றி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

அடுத்து அசிட்டிக் அமிலம். அதே 17 மில்லிமோல் டிடிஐபிக்கு 1 மில்லிலிட்டர் சேர்த்தால் ஏறத்தாழ 1-க்கு 1. தண்ணீர் விடுவதற்கு முன்பே சேர்க்க வேண்டும், இந்த வரிசைதான் முக்கியம். சேர்த்ததும் கரைசல் சற்றுச் சூடாகும். அசிட்டேட், டைட்டானியத்தோடு இருந்த சில ஆல்காக்சி தொகுதிகளைத் தள்ளிவிட்டு, இரண்டு டைட்டானியங்களுக்கு நடுவே பாலமாக உட்கார்ந்துகொள்கிறது. அந்த இடங்களில் தண்ணீர் எளிதில் நுழைய முடியாது. அது மட்டுமல்ல: அசிட்டிக் அமிலமும் விடுபட்ட ஆல்கஹாலும் சேர்ந்து எஸ்டராக மாறும்போது கரைசலுக்குள்ளேயே தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகப் பிறக்கிறது. வெளியிலிருந்து எவ்வளவு கவனமாகச் சொட்டு விட்டாலும் இவ்வளவு சீராகத் தண்ணீர் சேர்க்க முடியாது. துகள் சிறிதாக, ஒரே அளவாக வரும், அனடேஸ் நிலைக்கும். பணமும் குறைவு, ஆபத்தும் குறைவு. ஒரே ஒரு மாற்றம் செய்து பார்க்க நேரம் இருக்கிறது என்றால் இதைத்தான் செய்யச் சொல்வேன்.

அசிட்டைல் அசிட்டோன் இதைவிடப் பிடிவாதமானது. 1-க்கு 1 என்றால் 1.7 மில்லிலிட்டர். சேர்த்ததும் கரைசல் மஞ்சளாகும். டைட்டானியத்தை இரு பக்கமும் பிடித்துக்கொண்டதற்கு அந்த மஞ்சள்தான் அடையாளம். கரைசல் நீண்ட நாள் தெளிவாக இருக்கும் என்பதால் கண்ணாடி மேல் மெல்லிய படலம் போடுவதற்கு நல்லது. ஆனால் அது அவ்வளவு சுலபத்தில் விட்டுப் போகாது. சுடும்போது எரிய வேண்டிய கரிமம் அதிகம், படிகமாவதும் தள்ளிப்போகும்.

படி 5: அமிலத்தில்தான் விஷயம் இருக்கிறது

அமிலத்தை வெறும் பிஎச் அளவாகப் பார்ப்பதுதான் பல ஆய்வறிக்கைகளிலும் நான் காணும் குறை. "பிஎச் 1-க்குக் கொண்டுவந்தோம்" என்று மட்டும் எழுதினால் எதுவும் புரியாது. எந்த அமிலத்தால் கொண்டுவந்தீர்கள்? ஹைட்ரஜன் அயனி ஒரு வேலை செய்கிறது, கூட வரும் எதிரயனி இன்னொரு வேலை செய்கிறது. இரண்டையும் பிரித்துப் பார்த்தால்தான் கணக்கு புரியும்.

முதலில் ஹைட்ரஜன் அயனி. அமிலம் கடுமையாக இருந்தால் ஏற்கெனவே உருவான சிறு துகள்கள் கரைந்து மீண்டும் படிகின்றன. வினை மெதுவாக, திரும்பித் திரும்பி நடக்கிறது. அப்படி அவகாசம் கிடைக்கும்போது அமைப்பு நிலையான வடிவத்தை, அதாவது ரூட்டைலை நோக்கி நகரும். டைட்டானியத்தைச் சுற்றி ஹைட்ராக்சில் குறைந்து நீர் மூலக்கூறுகள் அதிகமாக இருப்பதால், எண்முகிகள் எதிரெதிர் விளிம்பு வழியாக நேர்ச் சங்கிலியாக இணைவது எளிது என்றும் ஒரு விளக்கம் உண்டு. படி 1-இல் சொன்ன ரூட்டைல் சங்கிலி அதுதான்.

ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். டைட்டானியம் டெட்ராகுளோரைடின் அமிலக் கரைசலை 100 டிகிரிக்குக் கீழேயே பொறுமையாகச் சூடாக்கி வைத்தால், சுடாமலேயே ரூட்டைல் நானோ துகள் படியும். இன்னும் அழகான உதாரணம், 2009-இல் லியூவும் ஐடிலும் வெளியிட்ட முறை: 30 மில்லிலிட்டர் தண்ணீர், 30 மில்லிலிட்டர் அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம், 1 மில்லிலிட்டர் டைட்டானியம் பியூட்டாக்சைடு, உள்ளே எஃப்டிஓ (ஃபுளூரின் கலந்த டின் ஆக்சைடு) பூசிய கண்ணாடித் துண்டு, டெஃப்லான் லைனர் போட்ட ஆட்டோகிளேவில் (இறுக மூடிய அழுத்தக் கலனில்) 150 டிகிரி, 20 மணி நேரம். கண்ணாடி மேல் ரூட்டைல் நானோ கம்பிகள் நெருக்கமாக, செங்குத்தாக எழும்பி நிற்கும். எஃப்டிஓவின் படிக அளவும் ரூட்டைலின் அளவும் கிட்டத்தட்ட ஒத்துப்போவது ஒரு காரணம், அவ்வளவு அமிலம் இருப்பது இன்னொரு காரணம்.

நைட்ரிக் அமிலம் நடுவில் நிற்கிறது. நைட்ரேட் டைட்டானியத்தை இறுகப் பிடிப்பதில்லை. நிறையத் தண்ணீரில் விழுந்த வீழ்படிவைக் கழுவி, 0.1 மோலார் நைட்ரிக் அமிலத்தில் போட்டு 80 டிகிரியில் சில மணி நேரம் கலக்கினால், பால் போலிருந்த கலவை மெல்லத் தெளிந்து நீலச்சாயல் கொண்ட கூழ்மமாகும். அதில் இருப்பது பெரும்பாலும் அனடேஸ், கூடவே கொஞ்சம் புரூக்கைட். அமிலத்தையும் நேரத்தையும் கூட்டிக்கொண்டே போனால் ரூட்டைல் தலைகாட்டும்.

கந்தக அமிலத்தின் கதையே வேறு. அமிலம் எவ்வளவு கடுமையாக இருந்தாலும் சல்பேட் டைட்டானியத்தைப் பிடித்துக்கொண்டு, நேர்ச் சங்கிலி உருவாகும் வழியை அடைத்துவிடுகிறது. எண்முகிகள் வளைந்த வழியில்தான் சேர முடிகிறது, அனடேஸ் வருகிறது. இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. ஒரே டைட்டானியம் டெட்ராகுளோரைடு கரைசலை இரண்டாகப் பிரித்து, ஒன்றில் மட்டும் அம்மோனியம் சல்பேட் சேர்த்து, இரண்டையும் ஒரே நீர்த்தொட்டியில் சூடாக்குங்கள். சல்பேட் உள்ளதில் அனடேஸ் மேலோங்கும். பாடப்புத்தகத்தில் எத்தனை பக்கம் படித்தாலும் வராத தெளிவு அந்த இரண்டு எக்ஸ்ஆர்டி கோடுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்க்கும்போது வரும்.

புரூக்கைட் தனியாக வேண்டுமென்றால் இந்த மூன்று அமிலங்களும் உதவாது. நீரில் கரையும் டைட்டானியம் லாக்டேட் போன்ற அணைவுச் சேர்மத்தை எடுத்து, யூரியாவோடு ஆட்டோகிளேவில் வைப்பது வழி. யூரியா சிதைந்து மெல்லக் காரத்தன்மையைக் கூட்டும். யூரியாவின் செறிவு குறைவென்றால் அனடேஸும் புரூக்கைட்டும் கலந்து வரும், செறிவு கூடினால் புரூக்கைட் சுத்தமாக வரும்.

படி 6: வடிவத்தை மாற்றும் மூன்று பொருள்கள்

*ஃபுளூரைடு.* அனடேஸ் படிகம் இயல்பாக (101) முகங்களால் மூடப்பட்ட இரட்டைப் பிரமிடு வடிவத்தில் வளரும் (அடைப்புக்குறிக்குள் உள்ள எண், படிக முகத்தின் திசையைக் குறிக்கும்). (001) முகத்தின் புறப்பரப்பு ஆற்றல் சதுர மீட்டருக்கு 0.90 ஜூல், (101)-க்கு 0.44. ஆற்றல் அதிகமான முகம் சீக்கிரம் வளர்ந்து மறைந்துவிடும். ஃபுளூரைடு ஒட்டிக்கொண்டால் இந்த வரிசை தலைகீழாகிறது. 2008-இல் யாங் குழுவினர் ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தைப் பயன்படுத்தி (001) முகம் 47 சதவீதம் உள்ள படிகங்களை வளர்த்தார்கள். அடுத்த ஆண்டே வேறொரு குழு 89 சதவீதம் வரை, தட்டையான தகடுகளாகவே எடுத்துக் காட்டியது.

ஆனால் இரண்டு எச்சரிக்கை. ஒன்று, ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் தோலுக்குள் வலி தெரியாமல் இறங்கி உடலின் கால்சியத்தைப் பறித்துவிடும், உயிருக்கே ஆபத்து. கால்சியம் குளுக்கோனேட் ஜெல் பக்கத்தில் இல்லாமல், பயிற்சி பெற்றவர் உடன் இல்லாமல் பாட்டிலைத் தொடாதீர்கள். அம்மோனியம் ஃபுளூரைடு பாதுகாப்பானது என்றும் நினைக்க வேண்டாம், அமிலத்தோடு சேர்ந்தால் அதே பொருள்தான் உருவாகும். இரண்டு, தூளின் மேல் ஒட்டியிருக்கும் ஃபுளூரைடை நீக்காமல் ஒளிவினையூக்கம் அளந்துவிட்டு (001) முகத்துக்குப் பாராட்டு கொடுக்கக் கூடாது. 2011-இல் சுத்தமான முகங்களை ஒப்பிட்ட ஓர் ஆய்வில் (001) முகம் (101)-ஐவிடக் குறைவாகவே வேலை செய்தது. 600 டிகிரியில் ஒன்றரை மணி நேரம் சூடாக்கினால் ஃபுளூரைடு போய்விடும், வடிவம் நிற்கும்.

*சோடியம் ஹைட்ராக்சைடு.* கசுகா குழுவினர் 1998-இல் காட்டிய வழி: டைட்டானியம் டை ஆக்சைடு தூளை 10 மோலார் காரத்தில் 110 டிகிரியில் 20 மணி நேரம் வைத்து, பின் தண்ணீரிலும் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்திலும் கழுவினால் சுமார் 8 நானோமீட்டர் விட்டமுள்ள குழாய்கள் கிடைக்கும். காரம் எண்முகிப் பின்னலை அவிழ்த்துத் தாள்களாக்குகிறது, தாள்கள் சுருண்டு குழாயாகின்றன. சூட்டை 180 டிகிரிக்கு மேல் கொண்டுபோனால் குழாய்க்குப் பதில் கம்பிகளும் பட்டைகளும் வரும். கழுவி முடித்த நிலையில் கையில் இருப்பது பெரும்பாலும் டைட்டனேட்தான் (டைட்டானியமும் ஆக்சிஜனும் சோடியம் அல்லது ஹைட்ரஜனோடு சேர்ந்த சேர்மம்), 400 டிகிரி அளவில் சுட்ட பிறகே அனடேஸ். கண்ணாடிப் பாத்திரத்தில் இதைச் செய்தால் காரம் கண்ணாடியை அரித்துச் சிலிக்கா கலந்துவிடும், டெஃப்லான் மட்டுமே சரி.

*அச்சுப் பொருள்கள்.* பி123, எஃப்127, சிடிஏபி போன்ற சோப்பு வகை மூலக்கூறுகள் படிக வகையைப் பெரிதாக மாற்றுவதில்லை, துளைகளைத் தீர்மானிக்கின்றன. 350 முதல் 400 டிகிரிக்குள் எரித்து எடுங்கள், அதற்கு மேல் போனால் படிகம் வளர்ந்து துளைச் சுவர் இடிந்துவிடும்.

ஆட்டோகிளேவ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: லைனரை மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்ப வேண்டாம், 220 டிகிரியைத் தாண்ட வேண்டாம், முழுதாக ஆறும்வரை திறக்க வேண்டாம்.

படி 7: கழுவுவதும் தயாரிப்பின் பகுதிதான்

கழுவாமல் விட்ட அயனி உலையில் போய்த் தன் வேலையைக் காட்டும். சோடியம் தங்கினால் சுடும்போது சோடியம் டைட்டனேட் பீக்குகள் முளைக்கும். சல்பேட்டும் பாஸ்பேட்டும் தங்கினால் ரூட்டைலாக மாறுவது உயர் வெப்பநிலைக்குத் தள்ளிப்போகும். கடைசியாகக் கழுவிய நீரில் சில சொட்டு எடுத்து, குளோரைடுக்கு சில்வர் நைட்ரேட், சல்பேட்டுக்கு பேரியம் குளோரைடு விட்டுப் பாருங்கள். கலங்கல் தோன்றாமல் போகும்வரை கழுவுங்கள். இரண்டு முறை கழுவினோம், மூன்று முறை கழுவினோம் என்று எண்ணிக்கை எழுதுவதைவிட இது நம்பகமானது.

படி 8: உலை

நிமிடத்துக்கு 2 முதல் 5 டிகிரி ஏற்றம், 450-இல் இரண்டு மணி நேரம். தூய அனடேஸ் காற்றில் 600 டிகிரியை ஒட்டி ரூட்டைலாக மாறத் தொடங்கும் என்பது பொதுக் கணக்கு. ஆனால் தயாரிப்பைப் பொறுத்து 400-இலும் தொடங்கலாம், 1000-ஐயும் தாண்டலாம். தூள் சாம்பல் நிறமாகவோ கறுப்பாகவோ வந்தால் கரிமம் முழுதாக எரியவில்லை. அப்படி எரியும் இடத்தில் ஆக்சிஜன் பற்றாக்குறை ஏற்பட்டு, படிகத்தில் ஆக்சிஜன் காலியிடங்கள் கூடி, ரூட்டைல் முன்னதாகவே வந்துவிடும். அசிட்டைல் அசிட்டோன், பி123 பயன்படுத்தியவர்கள் தூளைக் க்ரூசிபிளில் மெல்லிசாகப் பரப்பி, காற்றோட்டத்தோடு சுடுங்கள்.

படி 9: எக்ஸ்ஆர்டியைப் படிப்பது

தாமிரக் கதிரில் அனடேஸின் முதன்மை பீக் 25.3 டிகிரி, ரூட்டைலுடையது 27.4. அனடேஸ் பங்குக்கு 1957-இல் ஸ்பர்ரும் மையர்ஸும் தந்த சூத்திரம் இன்றும் போதும்: ரூட்டைல் பீக்கை அனடேஸ் பீக்கால் வகுத்து, 1.26-ஆல் பெருக்கி, 1-ஐக் கூட்டி, அதால் 1-ஐ வகுக்க வேண்டும். வகுத்த விகிதம் 0.25 என்றால் அனடேஸ் 76 சதவீதம். துகள் அளவுக்கு, பீக்கின் அகலத்திலிருந்து கணக்கிடும் ஷெரர் சமன்பாடு: 25.3 டிகிரி பீக்கின் பாதி உயர அகலம் 0.8 டிகிரி என்றால் ஏறத்தாழ 10 நானோமீட்டர். கருவியால் வரும் அகலத்தைக் கழித்துவிட்டுத்தான் இந்தக் கணக்கைப் போட வேண்டும்.

ஸ்பர்ர்-மையர்ஸ் சூத்திரம் படிகமானதை மட்டும்தான் எண்ணும். தூளில் பாதி படிக வடிவமற்று இருந்தாலும் "100 சதவீதம் அனடேஸ்" என்றே விடை வரும். புரூக்கைட்டையும் அது கணக்கில் கொள்ளாது. புரூக்கைட்டின் பெரிய பீக்குகள் அனடேஸின் 25.3-க்குள்ளேயே ஒளிந்துகொள்ளும் என்பதால், நைட்ரிக் அமிலத்திலோ ஹைட்ரோகுளோரிக் அமிலத்திலோ தயாரித்த தூள் என்றால் 30.8 டிகிரியில் சிறு மேடு இருக்கிறதா என்று கட்டாயம் பெரிதாக்கிப் பாருங்கள். அங்கே மேடு தெரிந்தால் ராமன் நிறமாலைச் சோதனைக்கும் ஒரு முறை கொடுங்கள். அனடேஸின் 144 அலைஎண் கோடு மிக வலுவானது, ரூட்டைலுக்கு 447-உம் 612-உம். அனடேஸுக்கோ ரூட்டைலுக்கோ உரியவை அல்லாத கோடுகள் பல வந்தால், முதல் சந்தேகம் புரூக்கைட் மேல், இரண்டாவது கழுவாமல் விட்ட சோடியத்தின் மேல்.